அரசு இணையதளங்களின் பயன்பாட்டெளிமையும் வருகைத் தரவுகளும்

முன்னுரை

பொது நிறுவனம் ஒன்றின் இணையதளத்திற்கு வருவோர் பொழுதுபோக்கிற்காக வருவதில்லை. வரி செலுத்தவோ, சான்றிதழ் பெறவோ, விடுமுறை நாளை அறியவோ வருகின்றனர். வணிகத் தளம் ஒன்று விளங்காவிடில் வேறொரு கடையை நாடலாம். அரசுத் தளத்திற்கு மாற்றுக் கடை இல்லை. தளம் விளங்காதவர் அலுவலக வரிசையில் நிற்கிறார், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கிறார், அல்லது தமக்குரிய உதவியையே கைவிடுகிறார். வருகைத் தரவுப் பகுப்பாய்வுக் கருவிகளோ பெரும்பாலும் விற்பனையையும் விளம்பரத்தையும் மனத்திற்கொண்டு வளர்ந்தவை. அவை தரும் எண்களைப் பொது நிறுவனம் எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை, பிரித்தானிய அரசின் கவ்.யூகே தளத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பயன்பாட்டெளிமைக்கு ஐஎஸ்ஓ 9241-11 என்னும் பன்னாட்டுத் தரநிலை தரும் வரையறை இங்கு அடிப்படையாகிறது. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட நோக்கத்தைப் பயனுறுதியுடனும் திறனுடனும் மனநிறைவுடனும் அடையக்கூடிய அளவே பயன்பாட்டெளிமை என்பது அதன் சாரம். நோக்கம் இன்னதென்று அறியாமல் அடைவை அளக்க இயலாது. அரசுத் தளங்கள் பலவற்றின் அடிப்பகுதியில் இன்றும் காணப்படும் பார்வையாளர் எண்ணிக்கைப் பெட்டி எத்தனை பேர் வந்தனர் என்பதைச் சொல்லும். வந்தவர் பெற்றுச் சென்றாரா என்பதைச் சொல்லாது.

எண் உருவாகும் முறை

வருகைத் தரவு இரு வழிகளில் திரட்டப்படுகிறது. வழங்கி தனக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் பதிவேட்டில் குறித்துக்கொள்வது ஒன்று. பக்கத்தில் பொதியப்பட்ட சிறு நிரல் பயனரின் உலாவியிலிருந்து செய்தி அனுப்புவது மற்றொன்று. பரவலாகப் பயன்படும் கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதன் பழைய வடிவம் ஒரு பக்கத்தில் செலவிட்ட நேரத்தை, அப்பக்கத்தைத் திறந்ததற்கும் அடுத்த பக்கத்தைத் திறந்ததற்கும் இடையிலான இடைவெளியாகக் கணக்கிட்டது. எனவே ஒரே பக்கத்தைப் பத்து நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு, வேறெதையும் சொடுக்காமல் வெளியேறியவரின் நேரம் சுழியம் எனப் பதிவாயிற்று. 2023 சூலை முதல் அவ்வடிவத்தின் இடத்தைப் பெற்ற புதிய வடிவத்தில், 10 நொடிக்கு மேல் நீடித்த வருகையும், இரண்டு பக்கங்களையேனும் கண்ட வருகையும், முக்கியம் எனக் குறிக்கப்பட்ட செயலொன்று நிகழ்ந்த வருகையும் 'ஈடுபாடுள்ளவை' ஆகின்றன. எஞ்சியவை உடன்வெளியேறல் என்னும் கணக்கில் சேர்கின்றன.

கவ்.யூகே காட்டும் பாடம்

மார்த்தா லேன் ஃபாக்ஸ் 2010இல் அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து உருவான கவ்.யூகே, 2012 அக்டோபர் 17 அன்று டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் ஆகிய இரு தளங்களுக்கும் மாற்றாக வெளிவந்தது. பயனர் தேவையிலிருந்து தொடங்குக என்பது அதன் வடிவமைப்பு நெறிகளுள் முதலாவது. அத்தளத்தின் பொது விடுமுறைப் பக்கம் இந்நெறிக்கு எளிய சான்று. அடுத்த விடுமுறை நாள் எது என்பது பக்கத்தின் மேற்பகுதியில் பெரிய எழுத்தில் தெரியும். வந்தவர் ஐந்து நொடியில் விடையறிந்து செல்லலாம். மேற்கூறிய கருவியின் கணக்கில் இவ்வருகை உடன்வெளியேறல். வரையறையின்படி நோக்கினால் முழு வெற்றி. அவ்வெண்ணைக் குறைக்க விரும்பும் மேலாளர் விடையை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்தால் போதும்: எண் மேம்படும், தளம் கெடும்.

விண்ணப்பப் படிவங்களில் நிலைமை வேறு. பிரித்தானிய அரசின் எண்மச் சேவைகள் அளக்கவேண்டியவை எனக் குறிக்கப்பட்ட நான்கனுள் ஒன்று நிறைவு வீதம். ஒரு செயலுக்கான செலவு, பயனர் மனநிறைவு, இணையவழிப் பயன்பாட்டின் பங்கு ஆகியன ஏனையவை. தொடங்கியோருள் எத்தனை பேர் முடித்தனர் என்பதோடு, எந்தப் படியில் விலகினர் என்பதையும் பார்த்தால் இடறும் வினா எது என்பது புலப்படும். எனினும் இங்கும் ஒரு பொறி உண்டு. உதவித்தொகைக்குத் தமக்குத் தகுதியில்லை என்பதை மூன்றாம் வினாவிலேயே அறிந்து விலகுபவர் தோல்வியுற்றவர் அல்லர். வருமானச் சான்று கையில் இல்லாமையால் விலகுபவர் நாளை திரும்பிவரலாம். வினாவின் மொழி விளங்காமல் விலகுபவர் வரமாட்டார். மூவரும் தரவில் ஒரே கோடாகவே தெரிகின்றனர். இவர்களைப் பிரித்தறியச் சில பயனரை அருகிருந்து நோக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. எங்கே நோக்க வேண்டும் என்பதைத் தரவு காட்டும். ஏன் என்பதை மனிதரே சொல்ல வேண்டும்.

வல்லுநரின் ஊகத்தைத் தரவு திருத்திய நிகழ்வும் உண்டு. வாகன வரியை இணையத்தில் செலுத்தி முடித்தோருக்கு, உறுப்புக் கொடையாளராகப் பதிவுசெய்ய அழைப்பு விடுக்கும் பக்கத்தின் எட்டு வடிவங்கள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரிடம் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. முடிவு 2013இல் வெளிவந்தது. மனிதர் குழுவின் ஒளிப்படத்தைச் சேர்த்த வடிவம், படமே இல்லாத எளிய வடிவத்தைவிடக் குறைந்த பயனையே தந்தது.

தேடற்சொற்களும் தமிழும்

பயனர் தம் சொற்களிலேயே பேசும் ஒரே தரவு, தளத்தின் உள்தேடல் பதிவு. எந்தப் பக்கத்தில் இருந்தபடி எதைத் தேடினர், எச்சொல்லுக்கு விடை கிட்டவில்லை என்னும் இரண்டும் அப்பக்கத்தில் இல்லாதது எது என்பதை நேரே காட்டுகின்றன. துறை வழங்கும் பெயரும் மக்கள் வழங்கும் பெயரும் ஒன்றல்ல என்பதும் இங்கேதான் வெளிப்படும்.

தமிழ்த் தளங்களில் இப்பதிவைத் தொகுப்பது ஆங்கிலத்தைவிடக் கடினம். ஒரே ஆவணத்தைச் சாதிச் சான்றிதழ், ஒற்று மிகாத சாதி சான்றிதழ், ஜாதி சான்றிதழ், இனச் சான்றிதழ் எனப் பலவாறு தட்டச்சிடலாம். ரோமன் எழுத்திலும் எழுதலாம். சான்றிதழை, சான்றிதழுக்கு, சான்றிதழின் என வேற்றுமையுருபு ஏறிய வடிவங்கள் வேறு. யூனிகோடில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவற்றைச் சீர்செய்யாத நிரல் இரு வேறு சொற்களாக எண்ணும். விளைவாக, ஆயிரம் பேர் தேடிய ஒரு தேவை ஐம்பது ஐம்பதாகச் சிதறி, பட்டியலின் அடியில் மறைந்துவிடும். குறியீட்டைச் சீர்மைப்படுத்தல், உருபு நீக்கல், ஒலிபெயர்ப்பை இணைத்தல் ஆகிய மூன்றையும் செய்யாமல் அதிகம் தேடப்பட்ட சொற்கள் என ஒரு பட்டியலை வெளியிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும். தமிழ்க் கணிமை ஆய்வு நேரடியாகப் பயன்படக்கூடிய களம் இது.

தரவில் தோன்றாதோர்

குக்கிக்கு இசையாதவர் இக்கணக்கில் வருவதில்லை. இணைய மையத்தில் ஒருவரின் கணக்கிலிருந்து நாற்பது பேருக்கு விண்ணப்பிக்கப்பட்டால் கருவி காண்பது ஒரே பயனரையே. தளத்தைப் பற்றியே அறியாதவரை எந்த எண்ணும் காட்டாது. ஆதலின் உதவித் தொலைபேசிக்கு வரும் அழைப்புகளையும் அலுவலக முகப்பில் கேட்கப்படும் கேள்விகளையும் வருகைத் தரவோடு சேர்த்துப் படித்தல் இன்றியமையாதது.

திரட்டுவதிலும் வரம்பு வேண்டும். தேடுபெட்டியில் மக்கள் தம் ஆதார் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் இடுவதுண்டு. அவை பக்க முகவரியோடு ஒட்டிக்கொண்டு பகுப்பாய்வு நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்றுவிடும். சேமிப்பதற்கு முன்பே அவற்றை நீக்கும் வடிகட்டியை அமைப்பது தொழில்நுட்பத்தில் சிறு பணியே. ஐரோப்பிய ஆணையம் செய்வதுபோல, மட்டோமோ என்னும் திறமூலக் கருவியைத் தன் வழங்கியிலேயே நிறுவித் தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்வது பொது நிறுவனங்களுக்கு உள்ள மற்றொரு வழி.