வீட்டு முற்றத்தில் செப்டிக் டாங்கி மூடி: மறைக்கலாம், ஆனால் தொலைத்துவிடக் கூடாது

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிச்சாச்சு. வாசலில் பூச்சாடிகளும் வரிசையாக வந்தாச்சு. ஆனால் போட்டோ எடுக்கும்போதெல்லாம் புல்தரை நடுவில் இருக்கும் இரண்டு கான்கிரீட் மூடிகள் மட்டும் கண்ணை உறுத்துகின்றன. "மேலே சிமெண்டு போட்டு டைல்ஸ் ஒட்டிடலாமே" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

கொஞ்சம் பொறுங்க. அந்த மூடி எதற்காக அங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

முற்றம் ஏன் முக்கியம்?

கெடாவின் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்ட லயத்தில் வாழ்ந்தவர்கள். வீட்டுக்கு முன்னால் திறந்த கால்வாய் ஓடும், கழிப்பறை தனியாகத் தள்ளி இருக்கும். அங்கிருந்து வெளியேறி வாங்கிய சொந்த வீட்டில், சொந்த முற்றம் அழகாக இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். பிரச்சினை, அந்த அழகுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை மறந்துபோவதில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த மூடி?

புதிய தாமான்களில் பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அந்தக் குழாயைச் சோதிக்க உதவும் வாசல்தான் மேன்ஹோல். பொதுக் குழாயின் மேன்ஹோல் உங்கள் சொத்து அல்ல, அதை மூடி மறைக்க உங்களுக்கு உரிமையும் இல்லை.

பழைய வீடுகளிலும் தனி வீடுகளிலும் செப்டிக் டாங்கி இருக்கும். அதற்குள் கனமான கழிவு அடியில் கசடாகத் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். நடுவில் இருக்கும் ஓரளவு தெளிந்த நீர்தான் வெளியேறும்.

பாக்டீரியாவால் எல்லாக் கசடையும் தின்று தீர்க்க முடியாது. டாங்கி நிரம்பிவிட்டால் கசடும் சேர்ந்து கால்வாய்க்குப் போகும். கால்வாயில் போவது கடைசியில் ஆற்றில் கலக்கும். அதனால்தான் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்துக் கசடை உறிஞ்ச வேண்டும் என்கிறார்கள். கெடா உட்படத் தீபகற்பத்தின் பெரும்பகுதியில் கழிவுநீர்ச் சேவையைக் கவனிப்பது, 1994 முதல் இயங்கிவரும் இண்டா வாட்டர். ஆனால் உங்கள் டாங்கியைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களுடையதுதான்.

மூடியைத் திறக்க முடியாவிட்டால்?

லாரி வந்தும் பயனில்லை. ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். சமையலறையை நீட்டிக் கட்டும்போது டாங்கியின் மேலேயே தரை போட்டுவிட்டால் செலவு இன்னும் கூடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய கான்கிரீட் மூடி காலப்போக்கில் விரிசல் விடலாம், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கலாம். மேலே புல் படர்ந்திருந்தால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஓடி விளையாடும் பிள்ளை அதன்மேல் கால் வைத்தால் என்ன ஆகும்? டாங்கிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும், ஆனால் அளவு கூடினால் மூக்கின் மோப்ப சக்தியே மரத்துப்போகும். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குபவரும் மயங்கி விழக்கூடும். யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் உள்ளே இறங்காதீர்கள், 999-க்கு அழையுங்கள்.

அப்படியானால் எப்படி மறைப்பது?

• முதலில் மூடியைச் சோதியுங்கள். விரிசல் இருந்தால் மாற்றிவிட்டுத்தான் அலங்காரம்.

• ஒரே ஆள் நகர்த்தக்கூடிய பூச்சாடிகளை வையுங்கள். குரோட்டன், கற்றாழை போன்றவை போதும். அடித்தட்டு வேண்டாம். அதில் தேங்கும் நீரில் ஈடிஸ் கொசு வளரும், சுகாதார அதிகாரிகள் கண்டால் 500 ரிங்கிட் வரை கம்பவுண்டு வரலாம்.

• டைல்ஸ்தான் வேண்டுமா? கல் பதிக்கும் வகையில் நடுவில் பள்ளம் உள்ள மூடிகள் இருக்கின்றன. டைல்ஸ் மூடியோடு சேர்ந்து தூக்க வர வேண்டும். சட்டத்தைத் தாண்டி ஒட்டக் கூடாது.

• கழற்றி எடுக்கக்கூடிய பலகைத் தளம் போடலாம். அதன்மேல் கார் மட்டும் நிறுத்தாதீர்கள்.

• காற்றுக் குழாயைச் சுற்றிக் கொடி படரலாம், ஆனால் அதன் வாயை அடைக்கக் கூடாது. வாயில் கொசுவலை கட்டுங்கள். புவெர்ட்டோ ரிக்கோ தீவில் செப்டிக் டாங்கிக்குள்ளேயே ஈடிஸ் கொசு வளர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

• மா, மூங்கில், ஆலமர வகைகள் பக்கத்தில் வேண்டாம். ஈரத்தைத் தேடி வரும் வேர் குழாய் இணைப்பில் நுழைந்துவிடும். கீரையும் கிழங்கும் அந்த மண்ணில் வேண்டாம்.

வாசல் கால்வாயை மூடலாமா?

சாலையோரக் கால்வாய் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன்மேல் நிரந்தரமாக எதையும் கட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். புக்கிட் செலம்பாவ் மக்கள் கேட்க வேண்டிய இடம் சுங்கை பட்டாணி நகராண்மைக் கழகம். சுத்தம் செய்ய முடியாத கால்வாய் அடைத்துக்கொண்டால், அடுத்த கனமழையில் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள்ளும் போகும்.

இன்றே செய்ய ஒரு வேலை

அலங்காரம் தொடங்கும் முன் மூடிகளைப் போட்டோ எடுங்கள். சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அளந்து, கடைசியாகக் கசடு எடுத்த தேதியோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். வீட்டில் டாங்கி இருக்கும் இடம் அப்பா ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது, இல்லையா?