ஒரு சொல்லின் பிறப்பு

ஆங்கிலத்தில் ‘மினஸ்கியூல்’ என்றொரு பெயரடை உண்டு. ‘மிகமிகச் சிறிய’ என்பது அதன் பொருள். கண்ணுக்கு எளிதிற் புலனாகாத துகளையும், பொருட்படுத்தத் தகாத சிறு தொகையையும் அச்சொல்லாற் சுட்டுவர். அது நாள்தோறும் பேச்சில் வழங்கும் சொல் அன்று; ஆதலின் ஆங்கிலம் நன்கு கற்றோரும் அதனை எழுதுங்கால் பிழை செய்வதுண்டு.

பிழை நேரும் இடம் ஒன்றே. எம், ஐ, என் என்னும் மூன்று எழுத்துக்களை அடுத்து யு வருதல் வேண்டும். பலர் அவ்விடத்தில் ஐ என்னும் எழுத்தை இடுகின்றனர். சிறுமையைக் குறிக்கும் ‘மினி’ என்னும் முன்னொட்டு அவர்கள் நெஞ்சிற் பதிந்திருப்பதே இதற்குக் காரணம். அவ்வெழுத்து அழுத்தமின்றி மங்கி ஒலித்தலால் செவியும் நமக்குத் துணை செய்வதில்லை. துணை செய்வது சொல்லின் பிறப்பே ஆகும்.

கணக்குப் பாடத்தில் கழித்தற் குறியை ‘மைனஸ்’ என்கிறோம். அஃது இலத்தீன் சொல். ‘குறைந்தது’ எனப் பொருள்படும். அதனின்று தோன்றி, ‘சற்றே சிறிய’ என்னும் பொருளில் வழங்கிய இலத்தீன் சொல்லே நம் பெயரடைக்கு மூலம். எனவே மினஸ்கியூலின் முதல் ஐந்து எழுத்துக்கள் மைனஸ் என்னும் சொல்லே. இதனை உணர்ந்தவர் யு இருக்கும் இடத்தை மறவார்.

இச்சொல் முதலில் குறித்தது எல்லாச் சிறு பொருள்களையும் அன்று, ஒருவகை எழுத்தையே. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை, ஆங்கிலத்தில் உண்டு. அச்சிறிய எழுத்துக்கு மினஸ்கியூல் என்று பெயர்.

அவ்வெழுத்தின் வரலாறு அறியத்தக்கது. ஐரோப்பாவில் பிராங்கியரின் அரசராய் கி.பி. 768 முதல் 814 வரை ஆண்டவர் சார்லமேன். அவர் காலத்துக்கு முன், வட்டாரத்துக்கு ஒரு வகையாக எழுதினர். ஓரிடத்தார் எழுதியதைப் பிறிதோரிடத்தார் படித்தல் அரிதாயிற்று. இக்குறை நீங்குமாறு, உருண்டு தெளிந்த சிறிய எழுத்து மடங்களில் உருவாயிற்று. அரசரின் கல்விப் பணிக்குத் துணைநின்ற அல்குவின் என்னும் அறிஞர் 796ஆம் ஆண்டில் தூர் நகரத்து மடத்தின் தலைவரானார். அம்மடம் பின்னர் அவ்வெழுத்துக்குப் பெயர் பெற்று விளங்கிற்று. சார்லமேன் தாமும் எழுதப் பழக விரும்பித் தலையணையின்கீழ் எழுதுபலகைகளை வைத்திருந்தார் என்றும், முதுமையில் தொடங்கியமையால் அம்முயற்சி கைகூடவில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டு கூறுகிறார்.

பழைய இலத்தீன் நூல்கள் பலவற்றுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய படிகள் அவ்வெழுத்தில் அமைந்தவையே. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர்கள் அதனை உரோமரின் எழுத்தென்றே கருதிப் புதுப்பித்தனர். அச்சுக்கலைஞரும் அதனைப் பின்பற்றினர். இன்று ஆங்கில நூல்களில் நாம் படிக்கும் சிறிய எழுத்துக்கள் அதன் வழிவந்தவை. எழுத்தின் பெயர் ‘மிகச் சிறிய’ என்னும் பொதுப்பொருளை ஆங்கிலத்திற் பெற்றது பிற்காலத்திலேயே.

வியப்புக்குரிய செய்தி வேறொன்றும் உண்டு. ‘மினியேச்சர்’ என்பதன் குறுக்கமே ‘மினி’. அதன் வேர்ச்சொல்லோ சிறுமையைக் குறித்ததன்று. ஏடுகளுக்கு வண்ணமூட்டப் பயன்பட்ட செந்தூரத்தைக் குறித்தது. ஏட்டில் வரைந்த ஓவியங்கள் சிறியனவாய் இருந்தமையாலும், மைனஸ் போன்ற சொற்களோடு ஒலி ஒத்தமையாலும் பின்னர்ச் சிறுமைப் பொருள் அதனைச் சார்ந்தது. பிழைக்குக் காரணமான சொல்லே தன் பழம்பொருளை மாற்றிக்கொண்ட சொல் அன்றோ!

ஐ இட்டு எழுதும் வடிவத்தையும் சில அகராதிகள் குறிக்கின்றன. எனினும் யு இட்டு எழுதுவதே செவ்விய வடிவமாக மதிக்கப்படுகிறது. எழுத்துக்கூட்டை மனப்பாடம் செய்வதோடு நில்லாது, சொல் எங்கிருந்து வந்தது என வினவுதல் மாணவர்க்கு நலம். ஓர் எழுத்தின் காரணத்தைத் தேடப் புகுந்தால் ஒரு நாட்டின் கல்வி வரலாறே கிடைக்கவும் கூடும்.