சுரங்கத் தொழிலாளியின் மத்தியான ரொட்டி

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்து மலைகளுக்கு அடியில் நிலக்கரி வெட்டிப் பிழைத்த ஜனங்களின் மத்தியானப் பசிக்காகப் பிறந்த பெப்பரோனி ரோல், இன்று அங்கே பெட்ரோல் நிலையங்களில்கூட விற்கும் சாதாரணப் பண்டமாயிருப்பதோடு, 2021ஆம் ஆண்டில் மாகாணத்தின் அதிகாரபூர்வமான உணவு என்ற கௌரவத்தையும் அடைந்திருக்கிறது. உழைப்பாளியின் ஆகாரம் ஒன்றுக்கு இந்த மரியாதை கிடைத்தது முற்றிலும் நியாயமே.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தெற்கு இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்கள் ஏராளம். அவர்கள் எத்தகைய அபாயத்தின் நடுவே வேலை செய்தார்கள் என்பதற்கு, 1907 டிசம்பர் 6ஆம் தேதி மொனங்கா சுரங்க வெடிவிபத்தில் 362 பேர் மாண்டதாக அரசாங்கக் கணக்கு கூறுவதே போதும். இருட்டிலும் கரித்தூளிலும் உட்கார்ந்து, ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் பெப்பரோனி என்னும் பதப்படுத்திய இறைச்சித் தண்டுமாகப் பசியாறிய அவர்களுக்கு, இரண்டையும் ஒன்றாக்கிக் கொடுத்தவர், தாமும் சுரங்கத்தில் பாடுபட்டுவிட்டு ஃபேர்மான்ட் நகரில் 1927இல் ரொட்டிக்கடை வைத்த ஜோசப் ஆர்ஜிரோ என்பது அங்கே பிரசித்தம்.

பன்றியிறைச்சியும் மாட்டிறைச்சியும் சேர்த்து, உப்பும் மிளகாய்த் தூளும் கலந்து, புளிக்கவிட்டு உலர்த்திய பெப்பரோனி, குளிர்ப்பெட்டி இல்லாமலே தாங்கும். அதைப் பச்சை மாவுக்குள் வைத்துச் சுடும்போது கொழுப்பு உருகி மாவில் ஊறுவதுதான் இந்தப் பதார்த்தத்தின் ஜீவன். சுட்ட ரொட்டியைப் பிட்டுப் பார்த்தால், இறைச்சியைச் சுற்றிலும் வெண்மை மறைந்து, செம்மஞ்சள் எண்ணெய் பஞ்சு போன்ற உட்பகுதியில் பரவியிருப்பதைக் காணலாம். வெந்த ரொட்டியைக் கீறி இறைச்சியைத் திணித்தால் இந்த ருசி ஒருநாளும் வராது.

சீஸ் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. வீட்டில் சீக்கிரமாகச் செய்வதற்கு, கால் கிலோ மைதாவில் ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து, சுமார் 150 மில்லி வெதுவெதுப்பான நீர் விட்டு, மாவு கையில் ஒட்டாத பதத்துக்குப் பத்து நிமிஷம் நன்றாகப் பிசைந்து ஆறு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் நீள்சதுரமாகத் தட்டி, மெல்லிய பெப்பரோனி வில்லைகளையும் துருவிய மொஸரெல்லா சீஸையும் பரப்பி இறுகச் சுருட்ட வேண்டும். ஈரம் மிகுந்த சீஸ் மாவை நசநசவென்று ஆக்கிவிடும். ஆகையால் உலர்ந்த வகையையே, அதுவும் ஆசைக்கு அணை போட்டு, சொற்பமாகவே உபயோகியுங்கள். சோமாசிக்கு ஓரம் அழுத்துவதுபோல் விளிம்புகளை அழுத்தி மூடி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் அடுக்கி, ஈரத்துணி போர்த்தி அரைமணி நேரம் உப்பவிட்டு, முன்கூட்டியே 190 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய அவனில் சுமார் இருபது நிமிஷம், மேற்புறம் பொன்னிறமாகும்வரை சுட்டால் போதும்.

பெப்பரோனிக்குப் பதிலாக வேகவைத்த கோழியிறைச்சியும் வைக்கலாம். ஆனால் சுரங்கத் தொழிலாளியின் ரொட்டி கெடாமலிருந்தது பதப்படுத்திய இறைச்சியால் என்பதை மறக்கலாகாது. சீஸோ சாதாரண இறைச்சியோ சேர்த்ததை, சுட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிடுங்கள், இல்லையேல் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.