முன்பருவக் கிளுவை வேட்டை

முன்பருவக் கிளுவை வேட்டை என்பது ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில், முதன்மை வாத்து வேட்டைப் பருவத்திற்கு முன்னர், செப்டம்பர் மாதத்தில் சதுப்பு நிலங்களில் நடைபெறும் வேட்டை ஆகும். நீலச்சிறகுக் கிளுவைகள் ஏனைய வாத்துகளுக்கு முன்னரே தெற்கே வலசை செல்வதே இதற்குக் காரணம்.

வேட்டையாளர்கள் கோரைகளிடையே மறைந்திருந்து, ஆழங்குறைந்த நீரில் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டுப் பறவைகளை ஈர்ப்பர்.

இனங்காணல்

இக்காலத்தில் ஆண் பறவைகளும் மங்கிய இறகுகளுடன் பெட்டைகளைப் போன்றே தோன்றும். முன்சிறகின் வெளிர்நீலத் திட்டு தட்டைவாயன் வாத்துக்கும் உண்டு. ஆகவே சிறிய உடல், குறுகிய அலகு ஆகியவற்றையும் கண்டு உறுதிசெய்த பின்னரே சுடுதல் வேண்டும்.

ஈயத் தடை

நீரடியில் தங்கிய ஈயக் குண்டுகளை விழுங்கிய பறவைகள் நஞ்சேறி இறந்தன. எனவே 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் அவை நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. எஃகு முதலிய நச்சற்ற குண்டுகளே பயன்படுத்தப்படுகின்றன.