வேகமாற்றமும் மனித உடலும்

வேகம் மனித உடலைத் துன்புறுத்துவதில்லை. மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானத்தில் அமர்ந்திருப்பவர் தேநீரைச் சிந்தாமல் அருந்துகின்றார். அதே மனிதர், மெதுவாகச் செல்லும் பஸ் வண்டி சடுதியாக நிறுத்தப்படும்போது, முன்னால் நிற்பவர்மீது சாய்ந்து விழுகின்றார். உடல் உணர்வது வேகத்தை அன்று. வேகம் மாறும் விரைவையே. வேகம் கூடும் விரைவை ஆர்முடுகல் என்றும், குறையும் விரைவை அமர்முடுகல் என்றும் விஞ்ஞானிகள் வழங்குவர்.

இவற்றை அளப்பதற்கு இயற்கையே ஓர் அளவுகோலைத் தந்திருக்கின்றது. மரத்திலிருந்து விழும் தேங்காயின் வேகம், ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 9.8 மீற்றர் வீதம் கூடுகின்றது. புவியீர்ப்பினால் உண்டாகும் இந்த ஆர்முடுகலை ஒரு 'ஜீ' என்பர்.

இவ்வளவுகோலைக் கொண்டு ஆராய்வதற்கு ஏற்றது, ஐக்கிய அமெரிக்காவிலே வளர்ந்த 'ட்ராக் றேஸ்' எனப்படும் மோட்டார்ப் பந்தயமாகும். இரு வாகனங்கள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, வளைவில்லாத குறுகிய பாதையில் ஓடி, எல்லையை முந்தி அடைய முயல்வதே இப்பந்தயம். இதன் தலையாய வகுப்பைச் சேர்ந்த வாகனங்கள், நைத்திரோமெதேன் கலந்த எரிபொருளை எரித்து, 1,000 அடித் தூரத்தை ஏறக்குறைய 3.7 செக்கனில் கடக்கின்றன. எல்லையில் அவற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 330 மைல். மீற்றர்க் கணக்கிலே, தூரம் 305 மீற்றர். இறுதி வேகம் செக்கனுக்கு 147 மீற்றர்.

சாரதி எத்தனை 'ஜீ'யைத் தாங்குகின்றார்? தாளும் பென்சிலும் இருந்தால் எவரும் கணித்துப் பார்க்கலாம். இறுதி வேகத்தை நேரத்தால் வகுப்பது ஒரு வழி. 147 ஐ 3.7 ஆல் வகுக்க ஏறக்குறைய 40 வரும். அது 4 'ஜீ'. தூரத்தை இரட்டித்து, நேரத்தின் வர்க்கத்தால் வகுப்பது மற்றொரு வழி. அதன்படி 44.6 வரும், அது நாலரை 'ஜீ'.

ஒரே ஓட்டத்துக்கு இரு விடைகள் வருவானேன்? கணக்கிலே பிழையில்லை, ஆர்முடுகல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருந்தது என்று எண்ணியதே பிழை. வேகம் சீராகக் கூடி 147 ஐ அடைந்திருந்தால், 3.7 செக்கனில் வாகனம் 272 மீற்றர் மாத்திரமே சென்றிருக்கும். அதுவோ 305 மீற்றர் சென்றது. எஞ்சிய 33 மீற்றர் எங்கிருந்து வந்தது? வேகத்தின் பெரும்பங்கு ஓட்டத்தின் முற்பகுதியிலேயே ஈட்டப்பட்டுவிட்டது என்பதே விடை. பிற்பகுதியில் காற்றின் தடை பெருகுவதால் ஆர்முடுகல் குறைகின்றது.

முற்பகுதியைத் தனியே ஆராய்ந்தால் இது தெளிவாகும். முதல் 60 அடியைக் கடக்க ஏறக்குறைய 0.83 செக்கன் செல்கின்றது. இரண்டாம் வழியிற் கணிக்க, 5.4 'ஜீ' வரும். ஆயினும், அளப்பவர் ஒன்றை மறத்தலாகாது. கடிகாரம் ஓடத்தொடங்குவது, முன்சில்லு ஒளிக்கதிரை விட்டு நீங்கும்போதே. அதற்குள் வாகனம் சில அங்குலம் நகர்ந்து ஓரளவு வேகமும் பெற்றுவிடுகின்றது. ஆதலால் 5.4 என்பதை மேலெல்லையாகக் கொள்ளுதல் தகும். 33 மீற்றர் வித்தியாசத்தில் ஒரு பங்கும் இதனால் விளைந்ததே. எனினும் முழுவதும் அன்று.

நாலரை 'ஜீ' என்றால், 70 கிலோகிராம் எடையுள்ள சாரதியை ஆசனம் 315 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசையுடன் முதுகிலே தள்ளுகின்றது. விசை மார்புக்கும் முதுகுக்கும் இடையே செயற்படுவதால், மூளையிலுள்ள இரத்தம் கால்களை நோக்கி இறங்கிவிடுவதில்லை. ஆகவே அதைச் சில செக்கன்கள் தாங்க முடிகின்றது.

புறப்படுவதிலும் நிற்பதே அபாயமானது. 1954 டிசெம்பர் 10 ஆம் திகதி, நியூ மெக்சிக்கோவில், ஜோன் போல் ஸ்ராப் என்னும் விமானப்படை வைத்தியர், றொக்கற் பூட்டிய வண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்தை அடைந்து, 1.4 செக்கனில் நிறுத்தப்பட்டார். கணக்கின்படி சராசரி அமர்முடுகல் ஏறக்குறைய 20 'ஜீ'. கருவி பதிந்த உச்சமோ 46.2 'ஜீ'. சராசரி மறைப்பதை உச்சம் காட்டிவிடுகின்றது. அவர் கண்பார்வை சிறிது காலம் மங்கி, மீண்டும் தெளிந்தது. உறுதியான பட்டிகளே அவரைக் காத்தன.

2008 ஜூன் 21 ஆம் திகதி, நியூ ஜேர்சியில், ஸ்கொற் கலிற்றா என்னும் பந்தய வீரரின் எஞ்சின் வெடித்துத் தீப்பற்றியது. வாகனம் நிற்காமல் பாதையின் முடிவையும் கடந்து சென்று மோத, அவர் உயிரிழந்தார். அதுவரை 1,320 அடியாக இருந்த ஓட்டத் தூரம், மிக வேகமான வகுப்புகளுக்கு மறுமாதமே 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. நிற்பதற்கு மேலும் 320 அடி கிடைத்தது.

இக்கணக்கு பந்தய வீரருக்கு மாத்திரம் உரியதன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், தடையை அழுத்தி 15 மீற்றரில் நின்றால், உடல் உணர்வது ஒரு 'ஜீ'க்கும் குறைவு. கார் மோதி நசுங்கும்போது, பட்டி அணிந்தவர் அரை மீற்றர்த் தூரத்தில் நிறுத்தப்பட்டால் 20 'ஜீ'. பட்டி அணியாதவரின் தலை முன்பலகையில் மோதி 5 சென்ரிமீற்றரில் நின்றால் 200 'ஜீ'. மூவருக்கும் வேகம் ஒன்றே. நிற்கக் கிடைத்த தூரமே வேறு. அந்தத் தூரத்தைத் தருவதே ஆசனப் பட்டியின் தொழில்.