தடுத்து நின்ற கரம்!

கூடைப்பந்தாட்டம் பார்த்திருப்பீர்கள், தோழர்களே! பந்தைக் கூடையிலே போட்டவனுக்குக் கைதட்டல், போடவிடாமல் தடுத்தவனுக்கு? பெயர்கூடத் தெரியாது! மூட்டை சுமந்தவன் யாரென்று மண்டிக்காரர் கேட்கிறாரா என்ன? ஆனால், தடுப்பதையே தொழிலாகக் கொண்டு, அமெரிக்க நாட்டின் ஆட்டக்களத்தையே ஆண்டார் ஒரு கறுப்பர். 2022-ல், 88-வது வயதில் மறைந்த பில் ரசல்!

1934-ல், நிறவெறி கோலோச்சிய லூயிசியானாவிலே பிறந்தார். பெட்ரோல் போடப்போன தந்தை, பின்னால் வந்த வெள்ளையருக்கெல்லாம் ஊற்றி முடியும்வரை காத்திருக்கவேண்டும். பொறுக்கமாட்டாமல் கிளம்பினார், துப்பாக்கி காட்டி மிரட்டினான் கடைக்காரன். குடும்பம் ஓக்லண்டு நகருக்குக் குடிபெயர்ந்தது.

தடுப்பவன் தரையைவிட்டுக் குதிக்கலாகாது என்று பயிற்சியாளர்கள் பாடம் நடத்திய காலம் அது. ரசல் குதித்தார்! குதித்துத் தடுத்த பந்தைக் கூட்டத்துக்குள் அறைந்து ஆரவாரம் தேடினாரா? இல்லை. மெல்லத் தட்டினார், தன் அணித் தோழனின் கைக்கு! எதிரி எய்த அம்பு எதிரியை நோக்கியே திரும்பிற்று. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலே தங்கம். அதே ஆண்டு பாஸ்டன் செல்டிக்ஸ் அணி. 13 பருவம் ஆடினார். 11 முறை வாகை சூடினார்! கூடையில் பட்டுத் தெறித்து அவர் கைப்பற்றிய பந்துகள் 21,620. தடுத்தவை எத்தனை? கணக்கில்லை! அவர் ஓய்வுபெற்றது 1969-ல். அதை எண்ணவேண்டுமென்று என்.பி.ஏ. அமைப்பினருக்குத் தோன்றியதோ 1973-ல்!

1965-ல் போட்டியாளர் வில்ட் சேம்பர்லினுக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஊதியமென்று செய்தி வந்தது. ரசல் கேட்டது 1,00,001. அந்த ஒரு டாலரின் அருமை, கூலிக்குக் குரல்கொடுத்த தோழர்களுக்குத் தெரியும்!

வெற்றிக்கு மேல் வெற்றி. மதிப்பு வந்ததா? 1961-ல் கென்டக்கியின் லெக்சிங்டன் நகர். விடுதியின் சிற்றுண்டிச்சாலையிலே கறுப்பு வீரர்களுக்கு உணவில்லை என்றார்கள். ஆட்டம் காணக் கூட்டம் வரும், காசு வரும். ஆடுகிறவனுக்குச் சோறு கிடையாதாம்! ரசலும் கறுப்புத் தோழர்களும் ஆடமாட்டோமென்று விமானமேறினர். ஆட்டம் வெள்ளையரை வைத்து நடந்தது. வடக்கே மட்டும் வாழ்ந்ததா நீதி? பாஸ்டனையடுத்த ரெடிங் ஊரில், அவர் வீட்டை உடைத்துப் புகுந்து, கோப்பைகளை நொறுக்கி, படுக்கையிலே மலத்தை இட்டுச் சென்றனர் கயவர்கள். அந்த அணிக்குத்தான் 1966-ல் அவரே பயிற்சியாளரானார், என்.பி.ஏ.-யில் அப்பதவி ஏறிய முதல் கறுப்பர்! ஆடிக்கொண்டே பயிற்றுவித்து 1968, 1969 இரண்டாண்டும் வென்றார்.

1975-ல் கூடைப்பந்துப் புகழ்மன்றம் அழைத்தது. விழாவுக்கு அவர் போகவில்லை. தமக்கு முன்னே களம் கண்ட கறுப்பர்கள் வெளியே நிற்க, தாம் முதலில் நுழைவதோ என்பது அவர் எண்ணம். என்.பி.ஏ. அணியொன்று 1950-ல் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பரான சக் கூப்பருக்கு 2019-ல் அந்த மன்றத்திலே இடம் கிடைத்தது. அதன் பிறகே, 44 ஆண்டு மறுத்திருந்த மோதிரத்தை வாங்கிக்கொண்டார் ரசல்.