மின்வலையும் ஏரிச்சங்கிலியும்

பச்சைமலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கித் துறையூர் வட்டார ஏரிகளை நிரப்புகிறது. மேலேரியின் கலிங்கு வழிந்தால் கீழேரிக்கு நன்மை. மேலேரியின் கரை உடைந்தாலோ, அவ்வெள்ளம் கீழேரியின் கரையையும் உடைத்துவிடும். மின்சாரத்திலும் ஓரிடத்துக் கேடு இவ்வாறு தொடர்ந்து பரவக்கூடும்.

மின் உற்பத்தி நிலையங்களும், உயரழுத்த மின்பாதைகளும், துணை மின்நிலையங்களும் ஒன்றாகப் பிணைந்த அமைப்பே மின்வலையாகும். ஒரு பாதை துண்டிக்கப்பட்டால், அது சுமந்த மின்சாரம் நொடிப்பொழுதில் மற்றப் பாதைகளின்மேல் விழுகிறது. அவற்றிலும் சுமை மிகுந்தால், காப்புக் கருவிகள் அவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கின்றன.

2012 ஜூலை 30 ஆம் நாள் பின்னிரவு 2.33 மணிக்கு, பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டது. பாதையில் பழுது ஏதுமில்லை. அளவு மீறிய சுமையையே பழுதெனக் கொண்டு காப்புக் கருவி இயங்கிவிட்டது. வடமாநிலங்களின் மின்வலை முழுவதும் சாய்ந்தது. மறுநாள் பிற்பகல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று வலைகளும் வீழ்ந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் நின்றது. சில மாநிலங்கள் தமக்குரிய பங்குக்கு மேல் மின்சாரம் எடுத்ததும் ஒரு காரணம் என விசாரணைக் குழு கண்டது. முறை தவறி மடை திறப்பவரால் கடைமடை வாடுவதை நாம் அறிவோமன்றோ?

அன்று தென்னக வலை தனித்து இயங்கியமையால் வீழாது நின்றது. 2013 டிசம்பர் 31 ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியே அதுவும் நாட்டின் பெருவலையோடு இணைந்தது. இதனால் தொலைவிலிருந்து உதவியும் வரும், கேடும் வரக்கூடும்.

ஆகவே பொறியாளர்கள் மின்வலையின் மாதிரியைக் கணினியில் அமைத்து, எந்தப் பாதை அற்றால் சுமை எங்கே சேரும் என்று முன்கூட்டியே கணக்கிடுகின்றனர். எந்த ஒரு பாதை அற்றாலும் எஞ்சியவை தாங்க வேண்டும் என்பதே விதி. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. தேவை உற்பத்தியை மிஞ்சினால் இது குறையும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், தானியங்கிக் கருவிகள் சில பகுதிகளுக்கு மின்சாரத்தை நிறுத்தி முழு வலையையும் காக்கின்றன. வலை முற்றும் வீழ்ந்தால், வெளி மின்சாரமின்றியே தொடங்கவல்ல நீர்மின் நிலையங்கள் போன்றவற்றை முதலில் இயக்கி, சுமையைச் சிறிது சிறிதாகவே ஏற்றுவர்.

இந்நேரத்தில் விவசாயிகளின் ஒத்துழைப்பு மிகவும் அவசியம். மின்சாரம் நின்றவுடன் பம்புசெட்டின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திய மோட்டார்கள் யாவும் மின்சாரம் திரும்பிய கணமே ஒருசேர ஓடினால், சுமை தாங்காமல் மீண்டும் தடை ஏற்படலாம். மோட்டாருக்கு ஏற்ற கெபாசிட்டர் பொருத்தினால் பாதையின் சுமை குறைந்து மின்னழுத்தமும் சீராக இருக்கும். அறுந்து கிடக்கும் கம்பியில் எக்கணமும் மின்சாரம் பாயலாம். ஒருவரும் அதைத் தொடலாகாது.

ஊராட்சி அங்கத்தினர்கள் மேல்நிலைத் தொட்டியில் எப்போதும் ஒரு நாளைக்குரிய குடிநீரேனும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். டாப் செங்காட்டுப்பட்டி போன்ற மலையூர்களுக்குப் பழுது பார்ப்போர் ஏறிவர நேரமாகும்; ஆதலின் அங்கே இம்முன்னேற்பாடு இன்றியமையாதது. கரை காக்கும் பொறுப்பு ஊர் முழுவதற்கும் உரியதாயிருப்பது போலவே, மின்வலையைக் காப்பதிலும் நம் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு.